எண்பத்துநாலு பாகை

மிஸ் என் முகத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது, நான் அங்கே போகத் தொடங்கிப் பதினோராம் நாள். அதுவரைக்கும் அவருக்கு நான் ஒரு இடது முழங்கால். வாசலில் ஓட்டோ வந்து நின்றதும் உள்ளேயிருந்து வெளியே வருவார். சிரிப்பதோ சுகம் கேட்பதோ கிடையாது. காலை எப்படி இறக்குகிறேன், பாரம் எந்தப் பக்கம் போகிறது, படியில் எந்தக் கால் முந்துகிறது என்று பார்த்தபடியே பின்னுக்கு நடந்து உள்ளே போவார். பதினோராம் நாள் நான் வலி தாங்காமல் அழுதபோதுதான் தலையை நிமிர்த்தினார். முகத்தைக் கழுவிவிட்டு வரச்சொல்லித் துவாய் ஒன்றை நீட்டினார். குழாய் அறையின் அந்தத் தொங்கலில், கடைசி மூலையில் இருந்தது. நான் நடந்து போய்த் திரும்பும்வரைக்கும் அவர் பார்வை திரும்பவும் முழங்காலில்தான்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நோயாளிகள் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். தோப்பூர்க்காரர். காலையில் அங்கிருந்து பஸ் பிடித்து கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்கு வந்து, பின்னேரம் அதே வழியால் திரும்புவார். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. தலையை மூடிய முக்காட்டின் ஓரத்தை எந்நேரமும் ஊசியால் இறுக்கிக் குத்தியிருப்பார். மத்தியானச் சாப்பாட்டையும் யன்னலடியில் நின்றபடிதான் சாப்பிடுவார். உட்கார்ந்து நான் கண்டதில்லை.

இடம், உள் துறைமுகத்தை அண்டி ஒரு தர்ம நிதியத்தார் வாடகை வீட்டில் நடத்திய சின்னச் சிகிச்சை நிலையம். இப்போது அது இல்லை. இரண்டு கட்டில், பிடித்து நடக்க இரண்டு நீட்டுக் கம்பி, மூன்று உயரத்தில் மரப்படிகள், பின் யன்னலால் பார்த்தால் சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல்கள். அவை அசைவதே இல்லை. அந்த மாதங்களை நினைத்தால் வலியைவிடக் களைப்புத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. விடிந்தால் கால், மத்தியானம் கால், படுத்தால் கால்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். ஒரு மழை நாள் சீனன்குடாவில் தண்டவாளத்தைக் கடக்கையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்து முழங்கால் சில்லு மூன்று துண்டாகிவிட்டது. கம்பி வைத்துக் கட்டி, ஆறு கிழமை காலை நீட்டியபடி வைத்திருந்தார்கள். அவிழ்த்தபோது கால் மரக்கட்டையாக இருந்தது. மடக்கச் சொன்னால் முப்பது பாகை. என் வகுப்புகள் மேல்மாடியில். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிசன்தான், ஒரு தவணை, மூன்று மாதம், பொறுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் படியேற ஏலாவிட்டால் மாடி இல்லாத பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே மாற்றம். வீட்டில் நானும் தங்கச்சியும்தான். தங்கச்சிக்கு அடிக்கடி வலிப்பு வரும், அவளைத் தனியே விட்டுவிட்டுத் தூர இடத்துக்குப் போக முடியாது. ஆனபடியால் அந்த முப்பது பாகை எனக்குச் சின்ன விசயமாக இருக்கவில்லை.

முதல் நாளே மிஸ் முழங்காலைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார், முழங்கால் எப்படி மடங்குது என்று நினைக்கிறீங்கள் என்று. கவராயம் போல என்றேன். ஒரு புள்ளி அசையாமல் நிற்க மற்றக் கால் சுற்றுகிறது. அவர் தலையாட்டி மறுத்தார். ஒரு கையைப் பொத்தி, விரித்த மற்றக் கையின் மேல் வைத்தார். பொத்திய கை தொடை எலும்பு, விரித்தது கீழ்க்கால் எலும்பு. மடக்கும்போது மேலே இருக்கிறது உருளும். உருண்டுகொண்டே போனால் பின்பக்கத்தால் விழுந்துவிடும் என்பதால், உருள உருள முன்னுக்கு வழுக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். காலை நீட்டி முடிக்கிற கடைசி இடத்தில் கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு விழுந்தால்தான் தசைக்கு ஓய்வு. நீங்கள் வகுப்பில் களைக்காமல் நிற்பது அதனால்தான் என்றார். திரும்ப மடக்கத் தொடங்கும்போது, முழங்காலுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்னத் தசை வந்து அந்தப் பூட்டைத் திறக்குமாம்.

“அப்ப மையப் புள்ளி எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு இடத்தில நிக்காது, ரீச்சர். காலோட சேர்ந்து அதுவும் நகரும்.”

இருபது வருசமாகக் கவராயம் பிடித்த எனக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை.

அளக்க அவரிடம் ஒரு சாமான் இருந்தது. இரண்டு அடிமட்டத்தைப் பாகைமானியில் பொருத்தியது போல. ஒன்றைத் தொடையோடும் மற்றதைக் கணுக்காலை நோக்கியும் பிடித்து, குனிந்து, கண்ணைச் சுருக்கி வாசித்து அட்டையில் எழுதுவார். ஒருநாள் ஐம்பத்தெட்டு வந்தது. அறுபது என்று போட்டால் என்ன, எனக்கும் ஒரு சந்தோசம் என்று பகிடியாகக் கேட்டேன். கால் ஐம்பத்தெட்டுத்தான் மடங்கினது என்றார். பேனையை மூடி வைத்துவிட்டு, இன்டைக்கு இவ்வளவுதான் என்றும் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் முடிப்பது அந்தச் சொல்லோடுதான். அதில் ஆறுதலும் இருக்காது, குறையும் இருக்காது. கடைக்காரர் சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

அவர் ஒருவருக்கும் கை கொடுக்க மாட்டார். அதுதான் அவரைப் பற்றி வெளியில் நடந்த கதை. கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்களும் உண்டு. நகரத்து அம்மா ஒருவர் இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று வந்தார். மூன்று பெண்பிள்ளைகள், ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிறுத்தி, தூக்கி இருத்திக்கொண்டு. மிஸ் மூன்று பேரையும் வெளியே வீதியில் நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, எழும்புங்கள் என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா முதலில் கெஞ்சினார், பிறகு ஏசினார். என்னைப் பார்த்து, பிள்ளை நீயாவது ஒருக்காக் கையைப் பிடி என்றார். நான் எழும்பப் போக மிஸ் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி மறித்தார். அம்மாவிடம் மட்டும் சொன்னார், கால் இரண்டையும் கதிரைக்குக் கீழே இழுங்கள், மூக்கு முழங்காலுக்கு மேலே வரட்டும், பிறகு எழும்புங்கள். முக்கால் மணித்தியாலம் போனது. எழும்பிவிட்டார். எழும்பி நின்று என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் போய் நிதியத்தில் முறையிட்டது தனிக்கதை.

எனக்கும் அவரில் கோபம் வந்த நாட்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த முக்கால் மணித்தியாலமும் மிஸ் அந்த அம்மாவுக்கு ஒரு முழத் தூரத்தில், இரண்டு கையும் இடுப்பளவில் விரித்தபடி நின்றார். கண்ணை எடுக்கவில்லை. தொலைபேசி அடித்து ஓய்ந்தது, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், வெளியே ஓட்டோ ஒன்று எதிலோ முட்டி ஒரே சத்தம். அவர் திரும்பவில்லை. எங்கள் எல்லாரோடும் அப்படித்தான். நாங்கள் கையை விட்டு நடக்கிற நேரம் அவருக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை மீன் சந்தையில் நெரிசலுக்குள் நடந்து போகையில் பின்னாலிருந்து ஒரு குரல், குதிக்கால் நிலத்தில படல்ல, ரீச்சர் என்றது. திரும்பினேன். கையில் மீன் பையோடு மிஸ். முகத்தைக் கண்டு அல்ல, முதுகுக்குப் பின்னால் நடையைக் கண்டுதான் என்னை அடையாளம் பிடித்திருக்கிறார். வேறு ஒரு கதையும் கதைக்காமல் போய்விட்டார்.

இறக்கக்கண்டி நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊர்க்காரர், அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிட்டோம். என்னோடு அதே நேரத்துக்கு வந்தவர். கடலுக்குப் போகிறவர், நாற்பது வயதிருக்கும். படகைக் கரைக்கு ஏற்றும்போது உருளைக் கட்டை வழுக்கி, படகு விளிம்பு முழங்காலில் இடித்து, சில்லுக்குக் கீழே இருக்கிற தடித்த தசைநார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்து பொருத்தியிருந்தார்கள். மிஸ் அவருக்கு முழங்காலை வேறு விதமாகச் சொன்னார். சில்லு ஒரு கப்பி. தொடைத் தசை கயிறு. கயிறு கப்பிக்கு மேலால் போய் கீழ்க்காலை இழுக்கிறது, கால் நீளுகிறது. கப்பிக்குக் கீழே உங்களுக்குக் கயிறு அறுந்துபோய் முடிச்சுப் போட்டிருக்கிறது, முடிச்சு இறுகும்வரைக்கும் பொறுங்கள் என்றார். நானா அதைக் கேட்டுவிட்டு, விளங்குது மிஸ் என்று தலையாட்டினார். அவருக்கு உள்ள ஒரே பயம், படகுக்குள் குந்தியிருந்து வலை இழுக்கக் கால் மடங்குமா என்பது. வேறு தொழில் தெரியாது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதிகம் கதைக்கிற ஆள் அல்ல. ஆனால் ஒவ்வொரு நாளும் போகும்போது, இன்டைக்கு எவ்வளவு ரீச்சர் என்று கேட்பார். நானும் அவருடையதைக் கேட்பேன்.

நான் எண்பத்துநாலில் நின்றுவிட்டேன். பத்தொன்பது நாள். காலையில் எண்பத்துநாலு, பின்னேரம் எண்பத்துநாலு. படி ஏறத் தொண்ணூறாவது வேண்டும், இறங்க அதற்கும் கொஞ்சம் கூட. தவணை முடிய மூன்று கிழமை. மிஸ்ஸிடம், இனி மடங்காதா என்று கேட்டேன். தெரியாது என்றார். பொய்க்காவது மடங்கும் என்று சொல்லியிருக்கலாம் என்று ஓட்டோவுக்குள் இருந்து அழுதேன். நானாவின் நிலைமை அப்போது நல்லாக இருந்தது. கம்பியைப் பிடிக்காமல் சின்ன மரப்படியில் ஏறி, நல்ல காலை முன்னுக்கு இறக்கி, பொருத்தின காலை மெல்ல மடக்கிக்கொண்டு இறங்கப் பழகிக்கொண்டிருந்தார்.

இருபதாம் நாள் நான் கட்டிலில் மல்லாந்து கிடந்து, குதிக்காலை மெத்தையில் உரசி உடம்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். நானா எனக்கு எதிரே படியில். மிஸ் அவருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில், கை விரித்தபடி. திடீரென்று முழங்காலுக்குள் ஏதோ ஒட்டியிருந்தது விட்டது போல ஒரு சின்னச் சத்தம், குதி என் பக்கம் வந்தது. வலிக்கக்கூட இல்லை. நான் தலையை உயர்த்திப் பார்த்தேன். முழங்கால் என் கண்ணுக்கு முன்னால் மலை போல நின்றது.

“மிஸ், இங்க பாருங்கோ, மடங்குது” என்று கத்தினேன்.

மிஸ் திரும்பினார்.

அந்த முகத்தை எனக்கு மறக்க முடியாது, ஏனென்றால் அதில் சந்தோசம் இருந்தது. நான் அதற்கு முதல் ஒருபோதும் கண்டதில்லை. அவர் சிரிக்கத் தொடங்கின அந்த நேரம் பின்னால் நானா விழுந்தார். பொருத்தின கால் அவருக்குக் கீழே முழுக்க மடிந்து அகப்பட்டது. அவர் கத்தவில்லை, மூச்சை மட்டும் ஒருமுறை உள்ளுக்கு இழுத்தார். மிஸ் நிலத்தில் விழுந்து அவருடைய காலைத் தன் மடியில் ஏந்திக்கொண்டார். ஆஸ்பத்திரி வண்டி வரும்வரைக்கும் விடவில்லை. அன்றைக்குத்தான் அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன்.

தசைநார் திரும்பவும் அறுந்துவிட்டது என்று அடுத்த நாள் தெரிய வந்தது.

நிதியத்தின் நிர்வாகக் குழு விசாரித்தது. மிஸ் தானே எழுதிக் கொடுத்துவிட்டார், நோயாளி படியில் நிற்கும்போது என் கவனம் விலகியது என்று. நான் கூப்பிட்டதால் விலகியது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏற்கனவே வந்த முறைப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. குழுவின் சார்பில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கோப்போடு வந்து, நீங்கள் அந்த நேரம் அங்கே இருந்தீர்களாம், என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். மிஸ் அறையின் மற்றப் பக்கத்தில் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார். காது கேட்கிற தூரம்தான்.

நான் மற்றப் பக்கம் திரும்பிக் கிடந்தனான், ஒன்றும் காணவில்லை என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நெடுநாள் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்ல முடியாது, எனக்கு அவர்கள் என்ன செய்திருக்கப் போகிறார்கள். நான்தான் கூப்பிட்டேன் என்று சொன்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நானாவின் வீட்டார் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் களைத்துப் போயிருந்தது. அந்த மனிசன் கோப்பை மூடிக்கொண்டு போனபோது ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த மாத முடிவோடு மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்த முடிவாகியது. அதுவரைக்கும் பன்னிரண்டு நாள் அவர் எனக்குத் தொடர்ந்து செய்தார். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு, நூற்றிரண்டு. முன்னைப் போலவே குனிந்து, கண்ணைச் சுருக்கி, எழுதிவிட்டு, இன்டைக்கு இவ்வளவுதான் என்று. கடைசிக்கு முதல் நாள் எனக்குத் தாங்கவில்லை. நான்தான் கூப்பிட்டனான், அதை நான் அவைக்குச் சொல்லேல்லை மிஸ் என்று சொல்லிவிட்டேன்.

அவர் அளக்கிற சாமானை என் காலிலிருந்து எடுக்கவில்லை. “மாற்றம் தெரிஞ்சா உடனே கூப்பிடச் சொன்னது நான்தானே, ரீச்சர். நீங்க கூப்பிட்டது சரி. நான் திரும்பினது பிழை.” பிறகு, “காலை நீட்டுங்க” என்றார்.

நீட்டினேன்.

அவர் போன பிறகு இளம் பெண் ஒருத்தி வந்தாள். நல்ல பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு, கை கொடுத்துத் தூக்குவாள், நூற்றெட்டை நூற்றுப்பத்து என்று எழுதுவாள். நான் படியேறி மேல்மாடிக்குப் போய் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். மிஸ் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள், அம்பாறைப் பக்கம் வேலை கிடைத்ததென்றும் சொன்னார்கள். யாரிடமும் சரியான தகவல் இல்லை.

ஒன்றரை வருசம் கழித்துத்தான் நான் இறக்கக்கண்டிக்குப் போனேன். முதலே போயிருக்க வேண்டும். விடுமுறைக்கு விடுமுறை தள்ளிக்கொண்டே வந்தேன். நிலாவெளி தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரிக்க, இயந்திரம் திருத்துகிற நானாவா என்று கேட்டு வழிகாட்டினார்கள். வீட்டு முற்றத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் உயரமான கதிரையில் இருந்து படகு இயந்திரம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். இடது கால் முன்னுக்கு நீண்டபடி ஒரு பெட்டியில் இருந்தது. என்னைக் கண்டதும், வாங்க ரீச்சர், என்ன இவ்வளவு நாளாப் போச்சு என்றார். மனைவி கதிரை கொண்டுவந்து போட்டார்.

இரண்டாவது சத்திரசிகிச்சைக்குப் பிறகு அறுபத்தைந்து பாகைதான் மடங்கியதாம். நடக்கலாம். படகுக்குள் குந்தியிருக்க ஏலாது. படகை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டதாகச் சொன்னார். அந்த அறுபத்தைந்தும் மிஸ் எடுத்துத் தந்தது என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நிலையத்து வேலை போன பிறகு மிஸ் நாலு மாதம், ஞாயிறு ஞாயிறாகத் தோப்பூரிலிருந்து மூன்று பஸ் மாறி இங்கே வந்திருக்கிறார். வருவார், காலைப் பார்ப்பார், செய்விப்பார், தேத்தண்ணியை நின்றபடி குடித்துவிட்டுப் போவார். பிறகு அம்பாறைப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தானாம்.

சொல்ல வந்ததை நான் சொன்னேன். கத்தினது நான், அதாலதான் மிஸ் திரும்பினவ, விசாரணையில நான் பொய் சொன்னனான் என்று ஒரே மூச்சில். நானா கையிலிருந்த எண்ணெய்த் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“எனக்குத் தெரியும் ரீச்சர். நீங்க கூப்பிட்டது எனக்கும் கேட்டது. மடங்குது என்டு சொன்னீங்க. பத்தொன்பது நாளாக் கேட்டுக்கொண்டிருந்த மனிசன், நானும் திரும்பிட்டன். திரும்பினதாலதான் கால் பிசகினது.”



இதை மிஸ்ஸிடமும் சொன்னாராம். உங்களில் பிழை இல்லை, நான்தான் திரும்பினேன் என்று. அதற்கு மிஸ் கோபப்பட்டது போலத்தான் பதில் சொன்னாராம். மனிசர் திரும்பத்தான் செய்வினம், அதுக்குத்தானே நான் அங்க நிக்கிறது என்று.

கொட்டிலுக்கு அப்பால் மச்சான் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். நானா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்து, இப்ப எவ்வளவு என்று கேட்டார்.

“நூற்றுப் பதினெட்டு” என்றேன்.

“எங்க, மடக்கிக் காட்டுங்க, பாப்பம்.”

செருப்பைக் கழற்றினேன். பாதத்தைக் கதிரைக்குக் கீழே, போகிற மட்டும் இழுத்தேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, பார்த்துக்கொண்டேயிருந்தார்.